தட்டுக்கு இவ்வளவு கூலி



தோட்டத்தில் கூலி கணக்கிடுகிற முறை இரண்டு உண்டு என்பதை நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டுக் களை வெட்டவோ மருந்தடிக்கவோ போனால் அது நாள் கூலி. பால் வெட்டியவருக்கோ, வாளியை ஸ்டோருக்குக் கொண்டுவந்து நிறுத்துப் பார்த்த பிறகுதான் கிராணி கணக்குப் புத்தகத்தில் பேனாவை வைப்பார். நெகிரி செம்பிலானில் பால்மரம் நின்ற இடங்களில் இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. அங்கும் குலை அறுப்பவருக்கு டன் கணக்குத்தான். நாள் கூலியில் வேலை குறைந்தால் நஷ்டம் துரைக்கு. எடைக் கூலியில் வேலை குறைந்தால் நஷ்டம் தொழிலாளிக்கு. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், இன்றைய உலகின் மிகப் பெரிய வியாபாரங்களில் ஒன்று எப்படிப் பிறந்தது என்பது எளிதில் விளங்கிவிடும்.

நம் பிள்ளைகள் கைப்பேசியில் எதை வேண்டுமானாலும் தேடுகிறார்கள். யாரும் காசு கேட்பதில்லை. காணொளி பார்க்கிறார்கள், அதற்கும் டிக்கெட் இல்லை. அப்படியானால் அந்தக் கம்பெனிகளுக்குச் சோறு போடுவது யார்? விளம்பரம் கொடுக்கிற வியாபாரி. அவன் எப்படிக் கூலி கொடுக்கிறான், நாள் கணக்கிலா, எடைக் கணக்கிலா என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

பழங்கதையிலிருந்து தொடங்குவோம். 1833ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்தில் பெஞ்சமின் டே என்னும் அச்சுக்காரர் 'சன்' என்ற நாளேட்டை ஆரம்பித்தார். மற்றப் பத்திரிகைகள் 6 சென்ட்டுக்கு விற்றன. அவர் ஒரே சென்ட்டுக்கு விற்றார். வாசகர் கூட்டம் பெருகியது. அந்தக் கூட்டத்தைக் காட்டி வியாபாரிகளிடம் விளம்பரம் வாங்கினார். பத்திரிகைக்காரன் விற்பது பத்திரிகையை மட்டுமல்ல, அதைப் படிக்கிறவர்களின் கண்களையும்தான் என்பது அன்றைக்கே வெளிப்பட்டுவிட்டது.

நம் நாட்டில் 'தமிழ் நேசன்' 1924ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தோன்றியது. கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' 1935இல் சிங்கப்பூரில் தோன்றியது. லயத்தில் ஒருவர் வாங்கி, உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அந்தப் பத்துப் பேரும் ஏட்டுக்குக் காசு கொடுத்தவர்கள் அல்லர். அந்தக் குறையை ஈடு செய்தவை நகைக்கடை, ஜவுளிக்கடை, மருந்தெண்ணெய், சினிமா விளம்பரங்கள். அந்த விளம்பரங்களுக்குக் கூலி அங்குலக் கணக்கில். பத்தியில் இத்தனை அங்குலம் பிடித்தால் இத்தனை வெள்ளி. யாராவது பார்த்தார்களா, பார்த்தவர் கடைக்குப் போனாரா என்பதெல்லாம் கேள்வியில்லை. தோட்டத்துப் பேச்சில் சொன்னால் அது நாள் கூலி.

வானொலியும் அப்படியே. இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை விரும்பாதவர். அகில இந்திய வானொலியில் அந்தப் பாட்டுகள் ஒடுங்கின. இலங்கை வானொலியோ 1950இலேயே வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தது. பாட்டுக் கேட்க ஏங்கிய இந்திய நேயர்கள் கொழும்பின் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். பின்னாலேயே பற்பசைக்காரனும் சோப்புக்காரனும் போனார்கள். இந்தியாவுக்கு வரவேண்டிய விளம்பரக் காசு கடலைத் தாண்டிக் கொழும்புக்குப் போயிற்று. 1957இல் விவித் பாரதி தொடங்கப்பட்டது. 1967இல் அது விளம்பரத்தையும் ஏற்றுக்கொண்டது. கூட்டம் எங்கே போகிறதோ அங்கே விளம்பரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இணையம் வந்தபோது முதலில் யாருக்கும் புதிய யோசனை தோன்றவில்லை. 1994ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் 'ஹாட்வயர்டு' என்ற அமெரிக்க இணைய இதழில் பட்டை வடிவ விளம்பரங்கள் வந்தன. இத்தனை வாரத்துக்கு இத்தனை டாலர் என்று பழைய பத்திரிகைக் கணக்கையே அங்கும் கொண்டுபோய் வைத்தார்கள். ஆனால் பத்திரிகைக்கும் இணையத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பத்திரிகை விளம்பரத்தை யார் பார்த்தார் என்று பத்திரிகைக்குத் தெரியாது. இணையத்தில் விளம்பரத்தின் மீது ஒருவர் விரலைத் தட்டினால் அந்தத் தட்டு உடனே பதிவாகிவிடும். இதை முதலில் பிடித்துக்கொண்டவர்களுள் ஒருவர் சோப்புக் கம்பெனிக்காரர். 1996இல் புரோக்டர் அண்டு கேம்பிள் கம்பெனி யாஹூவிடம், "காட்டியதற்குக் காசு இல்லை, தட்டியதற்குத்தான் காசு" என்ற வகையில் ஒப்பந்தம் பேசியது. மற்ற இணையத்தளக்காரர்கள் முணுமுணுத்தார்கள். நாள் கூலியை எடைக் கூலியாக மாற்றினால் யார்தான் முணுமுணுக்க மாட்டார்கள்?

1998இல் கலிபோர்னியாவில் பில் கிராஸ் என்பவர் 'கோடு டாட் காம்' என்ற தேடுதளத்தை நிறுவினார். அதில் அவர் செய்தது, சொற்களை ஏலம் விட்டதுதான். 'சேலை' என்று ஒருவர் தேடினால் எந்தக் கடையின் பெயர் மேலே வரவேண்டும்? தட்டுக்கு அதிகக் காசு தர முன்வரும் கடையின் பெயர். ஏலம் ஒரு சென்ட்டில் தொடங்கியது. எந்தக் கடை எவ்வளவு தருகிறது என்பதையும் பக்கத்திலேயே அச்சிட்டுக் காட்டினார். தேடுவதைக் காசுக்கு விற்பதா என்று பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் வியாபாரிகள் வரிசையில் நின்றார்கள். இந்தத் தளம் 2001இல் 'ஓவர்சூர்' என்று பெயர் மாறியது. 2003இல் யாஹூ அதை ஏறத்தாழ 163 கோடி டாலருக்கு வாங்கிற்று.

அதே 1998ஆம் ஆண்டில்தான் லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் கூகுள் கம்பெனியைத் தொடங்கினார்கள். அவ்வாண்டு அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலேயே, விளம்பரத்தை நம்பி வாழும் தேடுதளம் விளம்பரக்காரன் பக்கம் சாய்ந்துவிடும் என்று எச்சரித்திருந்தார்கள். எழுதியவர்களே பிறகு அந்த வழியில் போனார்கள். வயிறு என்று ஒன்று இருக்கிறதல்லவா? புதிதாகத் தொடங்கிய கம்பெனிக்கு முதலீட்டாளர் கொடுத்த பணம் எத்தனை நாளைக்கு வரும்?

2000 அக்டோபரில் கூகுள் 'ஆட்வேர்ட்ஸ்' என்னும் விளம்பரத் திட்டத்தை 350 விளம்பரக்காரர்களோடு ஆரம்பித்தது. அப்போது ஆயிரம் முறை காட்டினால் இவ்வளவு என்ற பழைய கணக்கே இருந்தது. 2002 பிப்ரவரியில்தான் தட்டுக் கணக்குக்கு மாறியது. அந்த மாற்றத்தில் இரண்டு நுட்பங்கள் சேர்ந்தன. அவற்றைச் சற்று நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் கோடிக்கணக்கான டாலர் அந்த இரண்டில்தான் அடங்கியிருக்கிறது.

சிரம்பானில் இரண்டு சேலைக் கடைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தீபாவளி நெருங்குகிறது. முதல் கடைக்காரர் தட்டுக்கு 1 வெள்ளி தருகிறேன் என்கிறார். இரண்டாம் கடைக்காரர் 60 காசுதான் என்கிறார். கிராஸின் முறையில் முதல் கடைக்கே முதலிடம். ஆனால் முதல் கடையின் விளம்பரம் மந்தமானது. நூறு பேர் பார்த்தால் இரண்டு பேர்தான் தட்டுகிறார்கள். இரண்டாம் கடையின் விளம்பரத்தை நூறு பேரில் ஐந்து பேர் தட்டுகிறார்கள். இப்போது கணக்குப் போடுங்கள். நூறு பேருக்குக் காட்டினால் முதல் கடையிலிருந்து 2 வெள்ளி; இரண்டாம் கடையிலிருந்து 3 வெள்ளி. ஆகவே கூகுள் இரண்டாம் கடையை மேலே வைத்தது. கத்தி நல்ல கூராக இருந்தும் பால் சுரக்காத மரத்தில் நேரம் போக்குவதில் என்ன லாபம்? அதே நியாயம்தான். தேடுகிறவருக்கும் தமக்கு வேண்டிய விளம்பரமே முன்னால் வந்தது.

இரண்டாவது நுட்பம், வென்றவர் தாம் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டியதில்லை என்பது. அடுத்தவரை வெல்ல எவ்வளவு போதுமோ அவ்வளவு கொடுத்தால் போதும். மேற்சொன்ன கணக்கில் முதல் கடையின் 2 வெள்ளியை ஐந்து தட்டுக்கு வகுத்தால் 40 காசு. அதற்கு ஒரு துளி மேலே கொடுத்தால் இரண்டாம் கடைக்கு முதலிடம் கிடைத்துவிடும். 60 காசு கொடுக்க வேண்டியதில்லை. இதனால் ஏலத்தில் பயந்து பயந்து கேட்கும் வழக்கம் குறைந்தது. இரண்டாவது விலையில் முடியும் ஏலத்தைப் பற்றி வில்லியம் விக்ரி என்ற பொருளியல் அறிஞர் 1961லேயே எழுதியிருந்தார். 1996இல் அவருக்கு நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவித்த மூன்றாம் நாள் அவர் காலமானார். தம்முடைய கணக்கு இணையத்தில் எவ்வளவு பணம் கறக்கப்போகிறது என்பதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அதன் பலனைக் கேளுங்கள். கூகுளின் வருமானம் 2000இல் 2 கோடி டாலருக்கும் சற்றுக் குறைவு. 2001இல் ஏறத்தாழ 8.6 கோடி. தட்டுக் கணக்கு வந்த 2002இல் 44 கோடி. 2003இல் 146 கோடிக்கும் மேல். 2004இல் ஏறத்தாழ 319 கோடி. அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் பங்கு 85 டாலர் என்று பொதுமக்களுக்கு விற்றார்கள். ஓவர்சூர் சும்மா இருக்கவில்லை. ஏல முறைக்குக் காப்புரிமை எங்களுடையது என்று 2002இல் வழக்குப் போட்டது. 2004இல் கூகுள் 27 லட்சம் பங்குகளை யாஹூவுக்குக் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. 2024ஆம் ஆண்டில் கூகுளின் விளம்பர வருமானம் மட்டும் 26,000 கோடி டாலருக்கும் மேல்.

2003இல் கூகுள் இன்னொரு வாசலைத் திறந்தது. 'ஆட்சென்ஸ்' என்று பெயர். யாரோ ஒருவர் சமையல் குறிப்புகளை எழுதி இணையப்பக்கம் வைத்திருந்தால், அதிலும் கூகுள் விளம்பரத்தைப் போடும். வரும் காசில் பங்கு கொடுக்கும். பங்கு எவ்வளவு என்பதைப் பல ஆண்டுகள் சொல்லாமலேயே வைத்திருந்து, 2010இல்தான் நூற்றுக்கு 68 என்று வெளியிட்டார்கள். புதிதாகத் தொழில் தொடங்கிய இளைஞர்களுக்கு இது பெரிய வசதி. விளம்பரம் பிடிக்க ஆள் வைக்க வேண்டாம். கடை கடையாக ஏறி இறங்க வேண்டாம். நம் மலேசியாவில் 2007இல் இரண்டு இளைஞர்கள் 'நஃப்நாங்' என்ற கம்பெனியைத் தொடங்கி, வலைப்பதிவு எழுதுகிறவர்களை ஒன்று சேர்த்து விளம்பரம் வாங்கித் தந்தார்கள்.

எடைக்குக் கூலி என்று வந்துவிட்டால் எடையை ஏற்றும் தந்திரமும் கூடவே வரும். பாலில் தண்ணீர் கலந்தால் எடை ஏறும் என்பது தெரிந்துதானே, ஸ்டோரில் மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் விட்டு, உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்த்தார்கள்? இணையத்திலும் தண்ணீர் கலந்தார்கள். தம் பக்கத்தில் வந்த விளம்பரத்தைத் தாமே தட்டினார்கள். ஆள் வைத்துத் தட்டச் சொன்னார்கள். எதிர்க்கடைக்காரனின் விளம்பரத்தைத் தட்டித் தட்டி அவன் காசைக் கரைத்தவர்களும் உண்டு. ஆளே இல்லாமல் கணினியே தட்டும் நிரல்களும் வந்தன. அமெரிக்காவில் ஆர்க்கன்சா மாநிலத்துப் பரிசுப்பொருள் கடை ஒன்று, பொய்த் தட்டுக்கெல்லாம் எங்களிடம் காசு பிடித்தார்கள் என்று பலர் சார்பில் வழக்குத் தொடுத்தது. 2006இல் கூகுள் 9 கோடி டாலர் வரையில் ஈடு செய்ய ஒப்புக்கொண்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோட்டத்தில் தராசு கிராணியின் கையில் இருந்தது. எடை குறைந்துவிட்டது என்று சந்தேகப்பட்டால் முறையிட யூனியன் இருந்தது. இணையத்தில் தராசும் கம்பெனியுடையது, கணக்குப் புத்தகமும் கம்பெனியுடையது, விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவே நிற்கும் தரகனும் அதே கம்பெனி. 2024 ஆகஸ்ட்டில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, தேடுதளத் துறையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவருகிறது என்று தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரலில் இன்னொரு நீதிமன்றம் விளம்பர வியாபாரத்தின் சில பகுதிகளிலும் அப்படியே என்று சொன்னது. என் மனத்துக்கு, இந்த வரலாற்றில் மிகக் காலந்தாழ்ந்து வந்த பகுதி இதுதான்.

இனி, தமிழுக்கு வருவோம். எழுத்தே இல்லாத இடத்தில் விளம்பரம் எப்படி வரும்? கணினியில் தமிழ் எழுத வழி செய்தவர்களுள் முன்னோடி ஒருவர் நம் நாட்டவரான முத்து நெடுமாறன். 1980களின் நடுவில் 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கியவர். கைப்பேசியில் தமிழ் எழுத அவர் செய்த 'செல்லினம்' 2005இல் வெளிவந்தது. அப்படி எழுத்து வந்த பிறகும் காசு வரவில்லை. ஆட்சென்ஸ் திட்டம் தமிழ்ப் பக்கங்களை ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில்தான். திட்டம் தொடங்கிப் பதினைந்து ஆண்டு! அதுவரை தமிழில் எழுதிக் குவித்தவர்களுக்கு அந்தக் கூலி இல்லை.

அந்த 2018இலேயே தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில், ஒரு விவசாயக் குடும்பத்து இளைஞர்கள் தாத்தா பெரியதம்பியை முன்னால் நிறுத்தி, வயல் வெளியில் பெரிய பெரிய அண்டாவில் சமைப்பதைப் படம் பிடித்து யூடியூபில் போட்டார்கள். 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்று பெயர். 2021இல் அதற்குச் சந்தாதாரர் ஒரு கோடியைத் தாண்டினார்கள். தமிழில் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டது அதுவே. விளம்பர வருமானத்தால் வளர்ந்த அவர்கள், அந்த ஆண்டு தமிழக முதலமைச்சரின் நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். நம் பக்கத்திலும் பேராவில் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த தோட்டத் தொழிலாளத் தம்பதி ஒன்று, 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மலாய்மொழி பேசி நம் சமையலைக் காட்டி நாடெங்கும் பெயர் வாங்கினார்கள். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பிரதமர் முஹிடின் யாசின் தம் உரையிலேயே அவர்களைக் குறிப்பிட்டார்.

இவற்றைக் கேட்டுவிட்டு, பகாவிலோ போர்ட்டிக்சனிலோ உள்ள பிள்ளை நாளைக்கே நானும் தொடங்குகிறேன் என்று கிளம்பினால் தடுக்கத் தேவையில்லை. கணக்கைத் தெரிந்துகொண்டு கிளம்பட்டும். 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்தாலொழிய யூடியூப் விளம்பரப் பங்கு தருவதில்லை என்ற விதி 2018இல் வந்தது. குறும்படங்களுக்கு வேறு கணக்கு உண்டு. தந்தாலும் நீண்ட காணொளிக்கு நூற்றுக்கு 55தான். அதோடு, எந்தச் சொல்லுக்கு ஏலத்தில் விலை அதிகமோ அந்தப் பேச்சுக்குத்தான் காசு அதிகம். காப்பீடு, வங்கிக் கடன் போன்றவற்றுக்கு ஏலம் ஏறும். புளிக்குழம்புக்கு யார் ஏலம் கேட்பார்கள்? தமிழில் விளம்பரம் செய்யும் வியாபாரிகள் குறைவாக இருக்கும் வரையில் தமிழ்த் தட்டின் விலையும் குறைவாகவே இருக்கும்.

இதைவிட முக்கியமாகச் சொல்ல வேண்டியது வேறு. தட்டுகிறவருக்குக் கூலி கிடையாது. காசு வியாபாரியிடமிருந்து கம்பெனிக்கும், கம்பெனியிலிருந்து பக்கம் வைத்திருப்பவருக்கும் போகிறது. தட்டுகிற நீங்களும் நானும் சரக்கு. சரக்குக்குக் கூலி கொடுப்பாருண்டோ? ஆனால் "விளம்பரத்தைத் தட்டுங்கள், பணம் தருகிறோம், முதலில் நீங்கள் இவ்வளவு கட்டுங்கள்" என்று சொல்லிக்கொண்டு பலர் வந்தார்கள். டில்லியை அடுத்த நொய்டாவில் 'சோசியல் டிரேட்' என்ற திட்டம் தட்டுக்கு 5 ரூபாய் என்று சொல்லி, லட்சக்கணக்கானவர்களிடம் 5,750 ரூபாயிலிருந்து 57,500 ரூபாய் வரை உறுப்பினர் பணம் வாங்கியது. 2017 பிப்ரவரியில் போலீசார் பிடித்தபோது சொன்ன தொகை 3,700 கோடி ரூபாய். முன்னால் வந்தவருக்குப் பின்னால் வந்தவரின் பணத்தை எடுத்துக் கொடுத்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. கோயம்புத்தூரில், கைப்பேசியில் விளம்பரம் பார்த்தால் தினமும் பணம் என்ற 'மை வி3 ஆட்ஸ்' திட்டத்தின் மீது 2024 ஜனவரியில் போலீசார் வழக்குப் பதிவு செய்தார்கள். அப்போது நீலாம்பூரில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். கம்பெனியை எதிர்த்துக் கூடியதாக நினைக்க வேண்டாம், ஆதரித்துத்தான் கூடினார்கள். சில நூறு ரூபாய் முதல் ஒரு லட்சத்துக்கு மேலும் கட்டியவர்கள் அவர்களில் இருந்தார்கள். கட்டிய பணம் திரும்பும் என்ற நம்பிக்கை அப்படிப்பட்டது. நம் நாட்டிலும், காணொளிக்கு விருப்பம் தட்டினால் சம்பளம் என்று வாட்ஸ்அப்பில் தூண்டில் போடுகிறார்கள். முதலில் சில வெள்ளி உண்மையாகவே கைக்கு வரும். பிறகுதான் முன்பணம் கேட்பார்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே அழைக்க வேண்டிய தேசிய மோசடித் தடுப்பு மைய எண் 997. அது 2022இல் தொடங்கப்பட்டது. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் அழைத்தால்தான் நிறுத்த வழி உண்டு.

இனி நம் நாளேடுகளின் நிலை. கூட்டம் கைப்பேசிக்குப் போனது. பின்னாலேயே விளம்பரமும் போயிற்று. கொழும்புக்குப் போன அதே கதை. 'மலாய் மெயில்' 2018 டிசம்பரில் அச்சை நிறுத்தியது. 94 ஆண்டுகள் வெளிவந்த 'தமிழ் நேசன்' 2019 பிப்ரவரி முதல் நாளிலிருந்து வரவில்லை. 'உத்துசான் மலேசியா' அதே ஆண்டு அக்டோபரில் நின்றது. பின்பு வேறு கையில் திரும்பி வந்தது, 'நேசன்' வரவில்லை. சிங்கப்பூரில் 'தமிழ் முரசை' வெளியிடும் பத்திரிகைக் குழுமத்தின் செய்திப் பிரிவை 2021இல் லாபநோக்கமற்ற அமைப்பாக மாற்றினார்கள். ஆண்டுக்கு 18 கோடி சிங்கப்பூர் வெள்ளி வரையில் ஐந்தாண்டுகளுக்கு உதவுவதாக அந்நாட்டு அரசு 2022இல் அறிவித்தது.

வேறொரு வழியும் உண்டு. 1999 நவம்பரில் ஸ்டீவன் கான், பிரமேஷ் சந்திரன் என்ற இருவர் தொடங்கிய 'மலேசியாகினி' இணையச் செய்தித்தளம், ஆரம்பத்தில் விளம்பரத்தையே நம்பியது. அரசாங்கத்தைக் கேள்வி கேட்கும் ஏட்டில் விளம்பரம் போட வியாபாரிகள் தயங்கினார்கள். இணையக் கம்பெனிகள் வீழ்ந்த காலமும் அதுவே. 2002இல் அவர்கள் வாசகரிடமே சந்தா கேட்டார்கள். அன்றைக்கு இணையத்தில் செய்திக்குக் காசு கொடுப்பார் யாருமில்லை என்று சொன்னவர்கள் பலர். லயத்தில் ஒருவர் மாதக் காசு கட்டி 'நேசன்' வாங்கிய அந்தப் பழைய வழிக்கே, இணையத்தில் பிறந்த ஏடு வந்து சேர்ந்தது.